கீழே உருட்டினால் மேலே போகும் வீல்: ஐந்து வருஷ மவுஸ்

"நீ வச்சிருக்கிற அதே மவுஸ் இப்ப விலை இறங்கியிருக்கு, வாங்கலாமாடா?" என்று நண்பன் கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கையில் உட்காரும் விதம் அருமை. ஒரு டபுள் ஏ பேட்டரி போட்டால் எட்டு மாசத்துக்கு மேல் கவலை இல்லை, இடது பட்டன் ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட டபுள் க்ளிக் தொல்லை கொடுத்ததில்லை. சரி, அந்த வீலுக்கு வருவோம்.

மூன்றாவது வருஷத்தில் தொல்லை ஆரம்பித்தது. வீலைக் கீழே உருட்டினால், நாலு தட்டில் (வீல் ‘டக்’ என்று ஒரு படி நகர்வதுதான் ஒரு தட்டு) ஒன்றில் பக்கம் மேலே எகிறும். முதலில் பிரவுசரைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் டிரைவரை, அப்புறம் என் விரலையே. செய்தி படிக்கும்போது இது வெறும் எரிச்சல். ஆபீஸில் ஓடும் பழைய பில்லிங் புரோகிராமில் இதே சங்கதி வயிற்றைக் கலக்கிவிடும். மாநிலம் என்ற பெட்டியில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தை நகர்த்தலாம் என்று வீலைத் தொட்டால் பக்கம் நகராது, பெட்டிக்குள் இருக்கும் பெயர் நகரும். தமிழ்நாட்டுக்கு அடுத்தது தெலங்கானா. உள்மாநில விற்பனைக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிய வேண்டிய ஜிஎஸ்டி, வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டியாக பில்லில் ஒரே வரியில் போய் உட்கார்ந்துகொள்ள, வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நியாயமாகப் பார்த்தால் இதில் மவுஸின் தப்பு பாதிதான். வீல் உருளும் செய்தியை, கடைசியாக எந்தப் பெட்டியைத் தொட்டோமோ அதற்கே அனுப்புவது விண்டோஸின் பழைய வழக்கம். கர்சருக்குக் கீழே இருக்கும் ஜன்னலை உருட்டும் வசதியே 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல்தான் வந்தது. வீல் மவுஸ் 1996-இல் மைக்ரோசாஃப்டின் இன்டெல்லிமவுஸ் மூலம் பரவலான சாமான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு 120 என்று ஓர் எண்ணை விண்டோஸ் அனுப்பும். ஏன் ஒன்று இல்லாமல் 120? நாளைக்கு இன்னும் நுணுக்கமாக உருளும் வீல் வந்தால் 30, 40 என்று துண்டுதுண்டாக அனுப்பலாம் என்ற முன்யோசனைதான். அப்படிப்பட்ட வீலை மாட்டினால், வந்ததை 120-ஆல் வகுத்து மிச்சத்தைத் தூக்கிப் போடும் புரோகிராம் அசையாமல் நிற்கும். வந்த ஒவ்வொரு துண்டையும் முழுத் தட்டாக எண்ணும் புரோகிராமோ தலைதெறிக்க ஓடும். அந்தப் புரோகிராம்களை எழுதினவர்கள், இந்த 120 பற்றி மைக்ரோசாஃப்ட் எழுதிவைத்த குறிப்பைக் கொஞ்சம் படித்திருக்கலாம்.

ஆனால் மேலே எகிறுவது முழுக்க மவுஸின் பாவம். வீலின் அச்சு ஒரு குட்டி என்கோடருக்குள், அதாவது சுழற்சியை மின் துடிப்புகளாக மாற்றும் பாகத்துக்குள், போகிறது. அதில் மூன்று கால்கள், ஒன்று பொது, மற்ற இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்கும். எது முந்துகிறதோ அதை வைத்துத்தான் மேலா கீழா என்று தெரியும். உள்ளே அழுக்கு ஏறி ஒரு துடிப்பு தவறினால் திசை தலைகீழ். அழுக்கைச் சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுப் பார்த்தேன், ஒன்றரை மாசம் தாங்கியது. அப்புறம் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது என்கோடர் தேடினேன். "மவுஸே முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குது சார், இதுக்குப் போய் அலையறீங்களே" என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். கடைசியில் ஆன்லைனில் மூன்று வாங்கினேன். முதலாவது உயரம் ஒத்துவராமல் குப்பைக்குப் போனது. பழசை ஸ்கேலில் அளந்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும், அது என் அவசரம்.

ஸ்க்ரூ எல்லாம் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைக்குக் கீழே. பிரித்தால் அந்தப் பட்டை மறுபடி ஒழுங்காக ஒட்டாது. என்னுடையது இப்போது ஒரு மூலையில் லேசாகத் தேய்கிறது. யாரும் பிரிக்கக் கூடாது என்றே செய்த வேலை, வேறென்ன சொல்ல.

இரண்டாவது என்கோடர் மாட்டியதும் வீல் வெண்ணெய் மாதிரி உருள்கிறது. புதிதாக வாங்கிய அன்றுகூட இவ்வளவு சுத்தமாக இல்லை. அன்று ராத்திரி வேலையே இல்லாமல் ஒரு நீளமான எக்செல் ஷீட்டை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன்.

நண்பனுக்கு "வாங்காதே" என்று பதில் போட்டுவிட்டேன். மூன்றாவது என்கோடர் டிராயரில் இருக்கிறது, அது தீரும்வரை நான் வேறு மவுஸ் வாங்குவதாக இல்லை.