வேபேக் மெஷின்: பக்கம் கிடைக்கிறது, வாசிக்கத்தான் முடியவில்லை

திருகோணமலைக் கோயில் ஒன்றின் பழைய இணையத்தளத்தைத் தேடும் நண்பர், வேபேக் மெஷினை நம்பலாமா என்று கேட்டார். நம்பலாம். எரிச்சலுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைத்து, 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட களஞ்சியம் இது. 1996 முதலான பக்கங்கள் இருக்கின்றன. தான் சேமித்த பக்கப் பிரதியைக் காட்டும் ‘கேச்’ இணைப்பைக் கூகிள் 2024இல் எடுத்துவிட்ட பிறகு இதன் அருமை இன்னும் கூடிவிட்டது. பக்கத்துக்குள் இருக்கும் சொல்லைக் கொடுத்துத் தேட முடியாது, முகவரி வேண்டும். பழைய விழா மலர், கடிதத் தலைப்பு, மற்றத் தளங்களின் இணைப்புப் பட்டியல் இவற்றில் பாருங்கள். தளத்தின் பெயர் மட்டும் தெரிந்தால், அதன்பின் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போடுங்கள். சேமித்த உள்முகவரிகள் பட்டியலாக வரும். முகவரியைக் கொடுத்ததும் வரும் நாட்காட்டியில் நீல வட்டத்தைத் திறவுங்கள். பச்சை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும். செம்மஞ்சள் என்றால் சேமித்த அன்றே பக்கம் கிடைக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்தால், திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை! என் கோபமெல்லாம் இங்கேதான். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முன் நம்மவர்கள் பாமினி எழுத்துருவில் தளம் கட்டினார்கள். அதில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில விசை எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கும். தளத்தோடு எழுத்துருக் கோப்பை இணைத்தவர்களும் பெரும்பாலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டுமான வடிவத்திலேயே இணைத்தார்கள். குரோம் அதை வாசிக்காது. களஞ்சியத்தின் பிழை இல்லை என்பது தெரிந்தும் ஆத்திரம் அடங்குவதில்லை.

பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவினாலும், பக்கம் அந்தப் பெயரையே கேட்டால்தான் தமிழ் தெரியும். உரையை நகலெடுத்து, பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் இடுவதே நல்லது. ஆங்கிலச் சொற்களை முதலில் பிரித்தெடுங்கள், அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். காற்புள்ளியின் விசையில் பாமினி ‘இ’யை வைத்திருப்பதால் ‘மூதூர்இ கிண்ணியாஇ குச்சவெளி’ என்று வரும். ‘இ’யும் அடுத்து ஓர் இடைவெளியும் வரும் இடங்களைத் தேடி, காற்புள்ளியும் இடைவெளியுமாக மாற்றுங்கள். உண்மையான ‘இ’ சொல்லின் முதலில் நிற்பதால் தப்பிவிடும்.

படங்களில் இன்னொரு பொறி. ஒரே பக்கத்தின் படமும் எழுத்தும் வெவ்வேறு நாட்களில் சேமிக்கப்பட்டிருக்கலாம். மேற்பட்டையில் இந்தச் சேமிப்பைப் பற்றிய விவரத்தைத் திறந்து பார்க்காமல் தேர்த்திருவிழாப் படத்துக்கு ஆண்டு எழுதாதீர்கள்.

இலவசக் கருவிக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். ஆனாலும் கோயிலோ பாடசாலையோ இதை நம்பித் தளத்தைக் கைவிடுவதை ஒருபோதும் ஏற்க மாட்டேன். இன்றும் உயிரோடிருக்கும் பாமினித் தளங்களை இப்போதே ஒருங்குறிக்கு மாற்றி, அதன்பிறகு களஞ்சியத்தில் சேமியுங்கள்.