திருச்சியில் வீடு வாங்கப் போனபோது: யாரும் கேட்காத கேள்வி

மெல்பர்னிலிருந்து போய்த் திருச்சியில் அப்பா அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கிப் பதிவையும் முடித்துவிட்டு வந்தேன். அதிலிருந்து இங்குள்ள நண்பர்கள் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் வீடு வாங்கலாமா, பதிவுக்கு எவ்வளவு ஆகும், நேரில் போகாமல் முடியுமா? இவற்றுக்கெல்லாம் பதில் சுலபம். ஆனால் விற்கிறவருக்கு விற்கும் உரிமை முழுதாக இருக்கிறதா என்று யாருமே கேட்பதில்லை. நேரத்தையும் பணத்தையும் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான்.

ஆஸ்திரேலியாவில் நமக்கு இந்தக் கவலை கிடையாது. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறைப்படி, அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அதற்கு அரசே பொறுப்பு. நம் ஊரில் பதிவாவது பத்திரம் மட்டுமே. சார்பதிவாளர் முத்திரை வைத்துவிட்டார் என்பதால், விற்றவருக்கு இல்லாத உரிமை நமக்கு வந்துவிடாது.

அம்மாவுக்கு ஸ்ரீரங்கத்தில் இருக்க ஆசை. ஆனால் அங்கே பல வீடுகளில் கட்டடம்தான் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுக்குச் சொந்தம் என்ற பிரச்சினை நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடிமனை யாருடையது என்று தெரியாமல் அங்கே அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. நாங்கள் உறையூர்ப் பக்கம் வந்துவிட்டோம்.

அங்கே பார்த்த வீடு எல்லாருக்கும் பிடித்திருந்தது. காலமாகிவிட்ட ஒரு பெரியவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது. உயில் எழுதவில்லை. பட்டா மூத்த மகன் பேரில் இருந்தது. “அக்கா தங்கச்சிக்கெல்லாம் நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக்கொடுத்தாச்சு சார். அவங்க கையெழுத்து எதுக்கு?” என்றார் புரோக்கர். இதைச் சொன்னதும் எங்கள் வழக்கறிஞர் ஃபைலை மூடி வைத்துவிட்டார். “வாரிசுச் சான்றிதழ்ல இருக்கற அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும் தம்பி. இல்லேன்னா வேற வீடு பாருங்க.”

அவர் சொன்னது சட்டம். இந்து ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாய், எல்லாருக்கும் சம பங்கு. சீர்வரிசை அந்தப் பங்கை ஈடுகட்டாது. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் 2005 சட்டத் திருத்தப்படி மகளுக்கு மகனோடு சம உரிமை. திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் அப்பா உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. பட்டா என்பது வருவாய்த்துறை ஆவணம். அதில் ஒருவர் பெயர் இருப்பதால் மட்டும் மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடாது. சட்டத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்களின் பங்கை அவர்களைக் கேட்காமல் வாங்கி அதில் என் பெற்றோரைக் குடிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மூத்த மகன் நல்ல மனிதர். சொன்னதும் புரிந்துகொண்டு சகோதரிகளிடம் பேசினார்.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் உள்ள பதிவுகளைக் காசில்லாமலே பார்க்கலாம். மெல்பர்னிலிருந்தபடியே நானும் பார்த்திருந்தேன். வழக்கறிஞர் அதை அச்செடுத்து, பென்சிலை வைத்து வரி வரியாக இறங்கினார். 2011இல் வங்கிக் கடனுக்காகத் தாய்ப்பத்திரத்தை ஒப்படைத்த பதிவு ஒன்று வந்தது. அங்கே ஒரு வட்டம் போட்டார். கடன் எப்போதோ அடைந்துவிட்டது, ஆனால் கடன் தீர்ந்ததற்கு வங்கி தர வேண்டிய ரசீது பதிவாகவில்லை. அதைப் பதிந்து, புது வில்லங்கச் சான்றில் தெரிந்த பிறகுதான், வீட்டை வாங்கலாம் என்ற சட்டக் கருத்தை (ஒப்பீனியன்) அவர் எழுதித் தந்தார். வில்லங்கச் சான்றில் வராததும் உண்டு: பதிவு செய்யாத உயில், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு. அவற்றைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

சரி, செலவுக்கு வருகிறேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, விற்பனை விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. 60 லட்சம் என்றால் 5.40 லட்சம் ஆகும்; இது வாங்குபவர் தலையில். விலை 50 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் அதில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து நாம்தான் கட்ட வேண்டும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசித்தால் அவர் பங்குக்குப் பிடித்தம் இதைவிட மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர் வீடு வாங்கலாம், விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. பணம் வங்கி வழியாகவே போகட்டும். ‘பாதி கறுப்பு, பாதி வெள்ளை’ என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டு பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே சட்ட விரோதம்.

அடுக்குமாடி பார்ப்பவர்களுக்கு ஒன்று: ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு எண்ணைச் சரிபாருங்கள், உங்கள் பங்குக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு (யூ.டி.எஸ்.) எவ்வளவு என்று கேளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது.

என்னோடு சேர்ந்து வாங்கிய மனைவியால் வர முடியவில்லை. மெல்பர்ன் இந்தியத் துணைத் தூதரகத்தில் தனக்காக நான் கையெழுத்திட என் பேரில் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தாள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

பதிவன்று முகூர்த்த நாள். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கன் என்பதை 150 ஆக்குவார்கள், கூட்டமும் அதற்கேற்ப இருந்தது. பத்திர எழுத்தர் கொடுத்த கணக்கில் ‘ஆபீஸ் செலவு’ என்று ஒரு வரி. ரசீது உண்டா என்று வழக்கறிஞர் கேட்டார், வரி காணாமல் போனது. உள்ளே விற்பவர்களில் மூத்த அக்காவின் பெருவிரல் ரேகை கருவியில் விழவே இல்லை. முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். சார்பதிவாளர் பொறுமையாக, “அவசரமில்லம்மா, அடுத்த விரலை வைங்க” என்றார். விழுந்தது. பணம் வந்துவிட்டதா, சம்மதம்தானா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். அக்கா, “எங்க பங்கு பேங்க்ல வந்துருச்சு சார்” என்று சத்தமாகவே சொன்னார்.

பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. அப்புறம் பட்டா மாறுதல், மாநகராட்சியில் வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு என்று ஒவ்வொன்றிலும் பெயர் மாற்ற வேண்டும். நான்குக்கும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டுகளை அப்பாவிடம் சேர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.