பச்சைப் புல்லுக்கு அடியில் பாத்ரூம் டைல்

போன வாரம் சின்னவன் முட்டியில் ரத்தத்தோடு உள்ளே வந்தான். கார்பெட் மாதிரி விரிக்கிற செயற்கைப் புல்லில் விழுந்தால் எப்படிடா வெட்டும் என்று போய்ப் பார்த்தேன். இரண்டு ரோல் சேரும் இடம் பிளந்துபோய், நடுவே ரோஸ் நிறத்தில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கரண்டியால் நெம்பி எடுத்தால் பழைய பாத்ரூம் டைல். 13,440 மலேசிய வெள்ளி கொடுத்துப் போட்ட விளையாட்டு கோர்ட்டுக்கு அடியில் யார் வீட்டுக் குளியலறையோ கிடக்கிறது.

பினாங்கு செபராங் ஜெயாவில் எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் தொடங்கிப் பின்பக்கம் வரை நிலம் சும்மா கிடந்தது. பெரியவனுக்கு புட்சால், அதாவது சின்ன கோர்ட்டில் ஆடும் கால்பந்து, என்றால் பைத்தியம். வாரா வாரம் கோர்ட் வாடகை, போக வர கார் என்று அலைவதற்கு வீட்டிலேயே 40 அடிக்கு 24 அடியில் ஒன்று போட்டுவிடலாம் என்று கணவர் சொன்னார். ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து நான்தான் அழைத்தேன். அதனால் இதில் யாரையும் திட்ட எனக்கு வாய் இல்லை.

வந்தவர் நம் ஆள். வாசலில் செருப்பைக் கழற்றி, சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். வார்த்தைக்கு வார்த்தை அக்கா. பையிலிருந்து ஒரு சாம்பிள் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். அடர்த்தியான புல், அழுத்தினால் உடனே நிமிர்ந்து நிற்கிறது. புல் உயரம் 50 மில்லிமீட்டர், வெயிலுக்கு வெளுக்காது, சதுர அடி 14 வெள்ளி, தரை வேலை உட்பட என்றார். அந்தத் துண்டை என் மாமியார் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அப்போதே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது.

கொட்டேஷன் ஒரே பக்கம். அதில் 'தரை வேலை' என்று இரண்டே சொல். பின்னால் தெரிந்துகொண்டேன், கோர்ட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறதாம். மேல்மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு அங்குலம் வரை உடைத்த ஜல்லி, இங்கே கிரஷர் ரன் என்பார்களே, அதைக் கொட்டி மெஷின் வைத்து இறுக்க வேண்டும். அதன் மேல் கல்தூள். தண்ணீர் லோங்காங் (சாக்கடை) பக்கம் ஓட நூறுக்கு ஒன்று என்ற அளவிலாவது சரிவு வேண்டும். எங்கள் 40 அடிக்கு அது கிட்டத்தட்ட 5 அங்குல இறக்கம். இது எதுவும் தாளில் இல்லை. நானும் கேட்கவில்லை. புல்லைப் பற்றி மட்டும் முப்பது கேள்வி கேட்டேன்.

முன்பணம் பாதி, 6,720 வெள்ளி. அக்கவுண்ட் ஒரு பெண் பெயரில் இருந்தது. "கம்பெனி அக்கவுண்ட் மாத்திக்கிட்டு இருக்கோம் அக்கா, இது வீட்டுக்காரம்மா பேரு" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன்.

தரை வேலை ஒரு வார நாளில் நடந்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டோம். சாயங்காலம் வந்தபோது மேலே மணல் பரப்பிச் சமமாக, அழகாக இருந்தது. கல் இறங்கிவிட்டது என்று 4,032 வெள்ளி கேட்டார், கொடுத்தேன். அன்று லோரியில் வந்தது ஜல்லி இல்லை, எங்கோ உடைத்த வீட்டின் இடிசல் என்று பக்கத்து வீட்டு சீன அங்கிள் பிறகு சொன்னார். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். ஏன் அங்கிள் அன்றே சொல்லவில்லை என்றதற்கு, நீங்கள் மலிவாகக் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார்!

புல் விரித்த நாள் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு. பச்சையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்து, மீதி 2,688 வெள்ளியையும் அங்கேயே அனுப்பிவிட்டேன். தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாம் அதில் நின்று படம் பிடித்தார்கள். என் கொழுந்தன் நம்பர்கூட வாங்கிக்கொண்டார். நல்லவேளை, அவர் எதையும் தள்ளிப்போடுகிற ஆள்.

அப்புறம் மழை. வருஷக் கடைசி மழையைப் பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மழையிலேயே நடுவில் குளம். இரண்டு நாள் ஆகியும் வற்றவில்லை. கால் வைத்தால் சதக் சதக் என்றது, மூன்றாம் நாள் நாற்றம். டெங்கிக்குப் பயந்து கணவர் வாளியும் துடைப்பமுமாக இறங்கினார். அடுத்த மழையில் ஒட்டிய இடங்கள் கிளம்பின. புல்லைச் சேர்க்க அகலமான துணிப் பட்டையும் அதற்கென்றே உள்ள பசையும் போட வேண்டுமாம். எங்களுக்குப் போட்டிருந்தது கடையில் விற்கும் இரண்டு பக்கம் ஒட்டும் டேப்.

தூக்கிப் பார்த்த பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மாடியிலிருந்து பார்த்தால் ஒரு ரோல் கரும்பச்சை, பக்கத்து ரோல் இளம்பச்சை. நிறம் வேறு இல்லை, ஒரு ரோலைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். புல் சாயும் பக்கம் எல்லா ரோலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பையனின் ஸ்கூல் ரூலரை வைத்து அளந்தேன், 30 மில்லிமீட்டர். அதுவும் தோட்டத்து அலங்காரத்துக்குப் போடுகிற ரகம், ஓடி விளையாட இல்லை. புல் நிமிர்ந்து நிற்க இடையில் மணல் தூவ வேண்டும், விளையாடும் இடத்துக்குச் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவாவது பிடிக்கும். எங்கள் அளவுக்கு 25 கிலோ மூட்டையில் முப்பத்தைந்துக்கு மேல். வந்தது ஆறு மூட்டை. அந்த ஆறையும் நானே எண்ணினேன், ஆறுதானா என்று கேட்கத் தோன்றவில்லை.

போன் செய்தால், "மழை விடட்டும் அக்கா, வரேன்." மழை விட்டது, தம்பி வரவில்லை. பிறகு எங்கள் மண்தான் சரியில்லை என்றார். அதற்கும் பிறகு வாட்சப்பில் ஒரே ஒரு டிக்.

வழி காட்டியது மாமியார்தான். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தமிழ் இதழை வருஷக்கணக்கில் படிப்பவர், திரிபியூனலுக்குப் போ என்றார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். சுலபம்தான். ஆனால் மனுவில் எதிராளியின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பரும் ஒரு செல்லப் பெயரும்! ரசீதில் இருந்த ரப்பர் ஸ்டாம்பின் பதிவு எண்ணை, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மில் தேடினேன். சில வெள்ளிச் செலவு. அந்த எண் ஒரு கேட்டரிங் தொழிலுடையது, பதிவும் காலாவதி. இந்தத் தேடலை முன்பணத்துக்கு முந்தின நாள் செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

கேட்டரிங் முகவரிக்கும் அந்த அக்கவுண்ட் பெயருக்கும் சேர்த்து மனு போட்டிருக்கிறேன். வேறு ஒரு கண்ட்ராக்டர் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் அள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார். அவரிடம் புல்லைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ஜல்லி எத்தனை அங்குலம், சரிவு எந்தப் பக்கம் என்று தாளில் எழுதித் தரச் சொன்னேன். மணலால் மூடுவதற்கு முன் நான் வீட்டில் இருக்கும் நாளில் காட்ட வேண்டும், அதுவரை இரண்டாவது பணம் கிடையாது என்றேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை அடுத்த மாதம். அந்தத் தம்பி கொடுத்த 50 மில்லிமீட்டர் சாம்பிள், கோர்ட்டிலிருந்து வெட்டிய 30 மில்லிமீட்டர் துண்டு, பையனின் ரூலர், ரோஸ் டைல், நான்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். டைலை மட்டும் கழுவவில்லை.