மாகுலா சிதைவுக்கு ஸ்டெம் செல்: தன் செல்லா, பிறர் செல்லா? ஊசியா, ஒட்டா?

விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா நலிந்து, முதுமையில் மையப் பார்வையைப் பறிக்கும் மாகுலா சிதைவுக்கு ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக வளரக்கூடிய செல்) சிகிச்சை வந்துவிட்டதா என்று கேட்பவர்கள், அதை ஒரே சிகிச்சையாக எண்ணியே பெரும்பாலும் கேட்கிறார்கள். ஆனால் செல் எங்கிருந்து வருகிறது, கண்ணுக்குள் எந்த வடிவில் செலுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து, ஒன்றோடொன்று போட்டியிடும் பல வழிகள் இன்று ஆய்வில் இருக்கின்றன. அவற்றின் பலன்களும் ஆபத்துகளும் ஒரே மாதிரியானவை அல்ல.

முறையான ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் இலக்கு, ஒளியுணர் செல்களுக்கு அடியில் ஒற்றை வரிசையாகப் பரவியிருக்கும் நிறமிச் செல் அடுக்குதான். ஒளியுணர் செல்கள் நாள்தோறும் உதிர்க்கும் நுனிகளை விழுங்கிச் செரிப்பதும், அடியிலுள்ள இரத்தக் குழாய்களிலிருந்து ஊட்டத்தை மேலே கடத்துவதும் அதன் வேலை. அந்த அடுக்கு நலிந்தால் மேலுள்ள செல்களும் பட்டுப்போகின்றன. இதை மாற்றி வைக்கப் புதிய நரம்பிணைப்பு எதுவும் தேவையில்லை என்பதே ஆய்வாளர்கள் மாகுலாவை முதலில் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா போன்ற நோய்களில் ஒளியுணர் செல்களே அழிவதால், புதிதாக வைக்கும் செல் நரம்புகளோடு இணைந்தாக வேண்டும். அந்தப் பாதை இன்னும் நீளமானது.

போட்டியிலிருந்து முதலிலேயே விலக்க வேண்டிய வழி ஒன்று உண்டு. நோயாளியின் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து பிரித்த செல்களை நேராகக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்துவது அது. அந்தச் செல்கள் நிறமிச் செல்லாக மாறி அந்த அடுக்கில் இடம்பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2015-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 72 முதல் 88 வயது வரையிலான மூன்று பெண்கள், ஆளுக்கு 5,000 டாலர் செலுத்தி இரு கண்களிலும் ஒரே நாளில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். இரத்தக் கசிவும் விழித்திரைப் பிரிதலும் ஏற்பட்டு, ஓரளவு இருந்த பார்வையையும் பெருமளவு இழந்தார்கள். பரிசோதனை நிலையிலுள்ள ஒன்றுக்குப் பணம் வாங்கியதும், இரு கண்களையும் ஒரே நாளில் தொட்டதும் எந்த முறையான ஆய்வும் செய்யாதவை. சிகிச்சை என்று யாரேனும் விலை சொன்னால் இந்த இரண்டையும் முதலில் கவனிக்க வேண்டும்.

அடுத்து, தன் செல்லுக்கும் பிறர் செல்லுக்கும் இடையிலான போட்டி. தோலிலிருந்து எடுத்த சாதாரணச் செல்லை மீண்டும் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பும் முறையை ஜப்பானின் ஷின்யா யமனாகா எலியில் 2006-இலும் மனிதச் செல்லில் 2007-இலும் காட்டினார். அவ்வாறு உருவாகும் ஐபிஎஸ் செல்லை முதன்முதலில் மனித உடலுக்குள் வைத்தது கோபே நகரில், கண் மருத்துவர் மசாயோ தகாஹாஷியின் குழு. 2014 செப்டம்பரில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் தோல் செல்லிலிருந்து வளர்த்த நிறமிச் செல் தகடு, ஈரவகை (கசியும் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கும் வகை) மாகுலா சிதைவுற்ற அவருடைய கண்ணில் வைக்கப்பட்டது. தகட்டின் அளவு 1.3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர். தன் செல்லே என்பதால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படவில்லை. ஓராண்டுக்குப் பிறகும் தகடு அப்படியே இருந்தது. பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை.

கருத்தளவில் இதைவிடச் செம்மையான சிகிச்சை இல்லை. ஆனால் இரண்டாவது நோயாளியின் செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் அவருக்கு அறுவை செய்யாமல் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகச் செல் வளர்த்து, தனித்தனியாகச் சோதித்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஒரு முறை, கோடிக்கணக்கானோரைப் பீடிக்கும் ஒரு நோய்க்கு எவ்வாறு ஈடுகொடுக்கும் என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. அதே குழு 2017-இல், திசுப்பொருத்தம் பார்த்துச் சேமித்த கொடையாளர் ஐபிஎஸ் செல்லுக்கு மாறியது தற்செயலானது அல்ல. அவ்வாறு கொடையாளர் செல் பெற்ற ஐந்து நோயாளிகளையும், உடல் முழுவதையும் பாதிக்கும் எதிர்ப்பாற்றல் தணிப்பு மருந்துகள் இன்றியே சமாளிக்க முடிந்தது. என் மதிப்பீட்டில் பிறர் செல்லின் பக்கம் தராசு சாய்வது இந்த இடத்தில்தான்.

கருநிலை ஸ்டெம் செல்லும் பிறர் செல்தான். ஒரு முறை சோதித்துச் சேமித்தால் பலருக்குப் பயன்படும் என்பது அதன் வலிமை. கருவைப் பயன்படுத்துவது பற்றிய அறக்கேள்வி அதன் சுமை. அந்தச் செல்லைக் கொண்டே ஊசிக்கும் ஒட்டுக்குமான வேறுபாடு தெளிவாயிற்று.

ஊசி முறையில் நிறமிச் செல்கள் திரவத்தில் மிதக்க விடப்பட்டு விழித்திரைக்கு அடியில் செலுத்தப்படுகின்றன. லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்டீவன் ஷ்வார்ட்ஸும் சகாக்களும், உலர்வகை (அத்தகைய குழாய்க் கசிவின்றிச் செல்கள் மெல்ல அழியும் வகை) மாகுலா சிதைவுற்ற ஒன்பது பேருக்கும், இளவயதிலேயே மாகுலாவைத் தாக்கும் மரபுவழி நோயான ஸ்டார்கார்ட் நோயுற்ற ஒன்பது பேருக்கும் 50,000 முதல் 1,50,000 செல்கள் வரை செலுத்தி, அஞ்சப்பட்ட கட்டி எதுவும் உருவாகவில்லை என்று அறிவித்தார்கள். சிகிச்சை பெற்ற பதினெட்டுக் கண்களில் பத்தில் பார்வை ஓரளவு மேம்பட்டது. அறுவை எளிது என்பது இதன் நன்மை. செலுத்தப்பட்ட செல்கள் மீண்டும் ஒற்றை வரிசையாக, சரியான முகம் மேலே வருமாறு அமரும் என்பதற்கு உறுதி இல்லை என்பது குறை. நிறமி அடுக்கைத் தாங்கும் சவ்வாகிய அடித்தளம் சிதைந்துபோயிருந்தால், அதில் உதிரி விதைகள் வேர்பிடிப்பது கடினம்.

இலண்டனில் பீட் காஃபியும் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையின் லிண்டன் டா குரூஸும் அந்தக் குறைக்கே விடை தேடினார்கள். 6 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் அளவுள்ள பாலியஸ்டர் சவ்வின் மேல் செல்களை வரிசையாக வளர்த்து, அதை ஒட்டாக விழித்திரைக்கு அடியில் செருகினார்கள். ஈரவகை நோயால் திடீரெனப் பார்வையை இழந்த இருவரில் ஒருவர் ஓராண்டில் பார்வைப் பலகையில் 29 எழுத்துகளும், மற்றவர் 21 எழுத்துகளும் கூடுதலாகப் படித்தார்கள். முதலாமவரின் வாசிப்பு வேகம் நிமிடத்துக்கு இரண்டு சொற்களுக்கும் குறைவாக இருந்தது. பிறகு எண்பதைத் தாண்டியது. இழந்த வாசிப்பு ஒருவருக்கு மீண்டது என்பதைவிட மனத்தைத் தொடும் முடிவு இந்தத் துறையில் அரிது. ஆயினும் அவர்கள் இருவர் மட்டுமே, ஒப்பிடுவதற்குச் சிகிச்சை பெறாத குழு இல்லை, ஒருவருக்கு விழித்திரை பிரிந்து மறு அறுவை தேவைப்பட்டது என்பவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

எனவே ஊசியா ஒட்டா என்பதை நோயின் நிலையே தீர்மானிக்க வேண்டும் என்று கருதுகிறேன். அடித்தளம் ஓரளவு எஞ்சியிருக்கும் தொடக்கக் கட்டத்தில், பெரிய அறுவையைத் தாங்க இயலாத முதியவருக்கு ஊசி பொருந்தும். அடித்தளமே போய்விட்ட இடத்தில் ஒட்டின் பளுவை ஏற்க நியாயம் உண்டு. இரண்டிலும் மேலே ஒளியுணர் செல்கள் உயிரோடிருக்க வேண்டும். முற்றிலும் அழிந்துவிட்ட பகுதிக்குக் கீழே எவ்வளவு நல்ல நிறமி அடுக்கை வைத்தாலும் பார்வை திரும்பாது. உலர்வகையின் முற்றிய நிலைக்கு அமெரிக்காவில் 2023-இல் ஒப்புதல் பெற்ற இரு மருந்துகளும் சிதைவின் வேகத்தைத் தணிப்பவை மட்டுமே என்பதால், இந்த ஆய்வுகளுக்கான தேவை குறையவில்லை. 2022-இல் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நோயாளியின் சொந்தச் செல்லால் ஆன ஒட்டை உலர்வகை நோய்க்குச் சோதிக்கத் தொடங்கியது; பெங்களூருவின் ஐஸ்டெம் நிறுவனமோ அதே நோய்க்குக் கொடையாளர் செல்லை ஊசி வடிவில் உருவாக்கி வருகிறது.