துளையா, விதையா, பத்தையா: இறுகிப்போன வீட்டுப் புல்தரைக்கு எது பொருந்தும்?

வீடு கட்டும்போது செங்கல் லாரியும் கலவை மெஷினும் நின்ற அதே இடத்தில்தான் பிற்பாடு அரையடிச் செம்மண் கொட்டிப் புல் பதிக்கிறார்கள். கொஞ்ச காலம் பச்சையாக இருக்கும். பிறகு கேட்டிலிருந்து வாசற்படிக்கு நடக்கும் தடத்தில் சொட்டை விழத் தொடங்கும். யூரியா போட்டாலும் தேறாது.

நன்றாகத் தண்ணீர் விட்ட மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆறு அங்குலம் இறங்கினால் மண்ணில் குறையில்லை. நிழலா, பூச்சியா என்று தேட வேண்டும். இரண்டு அங்குலத்திலேயே நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது. அந்த நிலையில் மேலே எதைத் தூவினாலும் வீண்.

வீடியோக்களில் அமெரிக்கர்கள் செப்டம்பரில் இறுகிய மண்ணைத் திறக்கத் தரையெங்கும் துளை போட்டு மூட்டை மூட்டையாக விதை தூவுவதைப் பார்த்துவிட்டு விதை தேடி அலைபவர்கள் உண்டு. அங்கே பல ஊர்களில் வளர்வது குளிர்காலப் புல். ரை, ஃபெஸ்க்யூ போன்றவை பெரும்பாலும் தூர்கட்டி நிற்குமே தவிர படராது. சொட்டையை விதையால்தான் நிரப்பியாக வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் நாம் வளர்க்கும் அருகு, கொரியன், பஃபலோ மூன்றுமே ஓடுதண்டு விட்டுப் படர்பவை. ‘அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துவது சும்மா இல்லை. மண்ணைத் திறந்துவிட்டால் பாதி வேலையைப் புல்லே முடித்துவிடும். அதனால் இங்கே துளை முதலில், மற்றதெல்லாம் பிறகு.

துளை போட நான்கு வழி சொல்கிறார்கள். ஆணி பதித்த செருப்பு மாட்டி நடப்பது பொழுதுபோக்கு. ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் நெருக்குகிறது. களிமண்ணில் துளையின் சுவர் முன்னைவிட இறுகும். பாட்டிலில் விற்கும் ‘லிக்விட் ஏரேட்டர்’ பெரும்பாலும் நீரை ஒட்டவைக்கும் சோப்பு வகை. காய்ந்த மேல்மண்ணில் தண்ணீர் இறங்க உதவலாம், லாரி அழுத்திய மண்ணை அது திறக்காது. ஜிப்சமும் அப்படித்தான்: மண் பரிசோதனையில் சோடியம் மிகுந்த களர் என்று வந்தால் மட்டும் பயன்படும்.

மிஞ்சுவது கார்டன் ஃபோர்க்கும் குழாய் முனை ஏரேட்டரும். மணல் கலந்த செம்மண்ணுக்கு நாலு பல் ஃபோர்க்கே போதும்: நான்கு அங்குலம் குத்தி, கைப்பிடியை லேசாகப் பின்னால் சாய்த்து, மண் விரிசல் விட்டதும் எடுத்துவிட வேண்டும். களிமண்ணுக்குக் குழாய் முனைதான். அரை முதல் முக்கால் அங்குலக் குழல் மண்ணுக்குள் இறங்கி, இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு மண்குச்சியை வெளியே எடுத்துப் போடும். காலால் மிதிக்கும் இரட்டைக்குழல் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. வெல்டிங் பட்டறையில் அரை அங்குல ஜிஐ பைப்பின் முனையைக் கூராக்கி, மண் வெளியேறப் பக்கத்தில் ஒரு பிளவு விட்டும் செய்துகொள்ளலாம்.

உழைப்பையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. நான்கு அங்குல இடைவெளியில் சதுர அடிக்கு 9 துளை, மொத்தம் ஏறக்குறைய 3,900. இரட்டைக்குழலில் 1,950 மிதி. ஒரே நாளில் முடிக்க நினைத்தால் முழங்கால் கேள்வி கேட்கும். முதல் நாள் ஈரப்படுத்திவிட்டுத் தொடங்குங்கள். மண் காய்ந்திருந்தால் குழல் இறங்காது, சேறாக இருந்தால் அடைத்துக்கொள்ளும்.

துளையை நிரப்பும் மண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். கால் அங்குலம் தூவ, ஒரு சென்ட்டுக்குச் சுமார் 9 கன அடி வேண்டும். சிமென்ட் சாக்கில் ஏழு. சலித்த ஆற்று மணலும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து, தென்னை விளக்குமாற்றால் துளைக்குள் தள்ளுங்கள். தூசி மிகுந்த எம்-சாண்ட் துளையை அடைக்கும். களிமண்ணின் மேலாகக் கொஞ்சம் மணலைக் கொட்டிக் கொத்திக் கலப்பது அதைவிட மோசம், செங்கல்தான் கிடைக்கும்.

இனி விதையா, பத்தையா (வேரும் மண்ணுமாகப் பெயர்த்த புல் துண்டு) என்பது உங்கள் புல்லைப் பொறுத்தது. பெர்முடா என்று விற்பது அருகின் ரகங்கள். அதற்கு விதை உண்டு, ஒரு சென்ட்டுக்கு 200 முதல் 400 கிராம். தோல் நீக்கிய விதை ஏழிலிருந்து பதினான்கு நாளில் முளைக்கும், தோலோடு இருந்தால் இன்னும் தாமதம். பத்துப் பங்கு உலர்மணலோடு கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவி, பலகையால் அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் மண் மூடினால் முளை வராது. இரண்டு வாரம் தினம் இரண்டு மூன்று முறை பூவாளியால் லேசாக நனைக்க வேண்டும். ஒருநாள் நடுப்பகலில் காய்ந்தாலும் முளை கருகும். களை முளைக்காமலிருக்கப் பெண்டிமெத்தலின் அடித்த தரையில் இந்த விதையும் முளைக்காது. டிஃப்வே 419 போன்ற கலப்பின ரகங்கள் மலடு, அவற்றுக்கு விதையே கிடையாது.

கொரியன் புல்லுக்கு விதையை மறந்துவிடுங்கள். நர்சரியில் ஒரு சதுர அடிப் பத்தை வாங்கி இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் 36 கிடைக்கும். ஒன்பது அங்குல இடைவெளியில் நட்டால் 20 சதுர அடிச் சொட்டைக்குப் போதும். ஆனால் கொரியன் மெதுவாக நகரும், மூட மாதக்கணக்காகும். அருகுத் துண்டு நல்ல வெயிலில் ஆறு எட்டு வாரத்தில் மூடிவிடும். வாங்கும் பத்தையைப் புரட்டிப் பாருங்கள், கோரைக்கிழங்கு ஒன்று ஒட்டிவந்தாலும் பின்னால் படாதபாடு.

மாமரத்தடிச் சொட்டைக்கு அருகு விதை ஒருபோதும் தீர்வல்ல. அதற்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். அங்கே பஃபலோ வைக்கலாம், அல்லது கல் பாவிவிடலாம்.

பருவத்தில் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். அடைமழை விதையை ஒரு மூலைக்கு அடித்துச் சேர்க்கும், ஈர மண் மிதிபட்டு மறுபடி இறுகும். தண்ணீர் இருந்தால் மாசி, பங்குனி. இல்லாவிட்டால் ஆனி, ஆடியில் மழை இடைவெளி பார்த்துச் செய்யலாம். நான்காவது வாரம் சென்ட்டுக்கு 200 கிராம் யூரியா போட்டு உடனே தண்ணீர் விடுங்கள். புதுப்புல் இரண்டு அங்குலம் தாண்டியதும் முதல் வெட்டு, அதுவும் மூன்றில் ஒரு பங்கு மட்டும். அதுவரை கேட்டிலிருந்து வரும் தடத்தில் ஒரு கயிறு கட்டி வையுங்கள்.