ஏற்காட்டு மலைக் கிராமங்களைக் காப்பது எது: இ-பாஸா, அடிவாரப் பேருந்தா, அறைக் கட்டுப்பாடா?

ஏற்காட்டில் நெரிசல் என்றதும் ஏரிக்கரையும் பகோடா பாயிண்டும்தான் பேச்சில் வரும். ஆனால் பாரம் விழுவது நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் போன்ற ஊர்களின் மேல். கோடையில் ஊற்று வற்றுகிறது. ஞாயிறு மாலை சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்கும் ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொள்கிறது. குப்பை காபித் தோட்டத்து ஓடையில் போய்ச் சேர்கிறது. அதனால் எந்தத் திட்டத்தையும் தண்ணீர், சாலை, குப்பை மூன்றிலும் ஊர்க்காரர்களுக்கு என்ன மிச்சமாகிறது என்று பார்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வண்டி முன்கூட்டியே ஆன்லைனில் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். ஏற்காட்டுக்கு அடிவாரம் வழி, குப்பனூர் வழி என்று முக்கியமாக இரண்டே பாதைகள் என்பதால் சோதனை போடுவது சுலபம். சிக்கல் உள்ளூர் விலக்கில் இருக்கிறது. நீலகிரியில் டிஎன் 43 எண் பலகையைப் பார்த்தே உள்ளூர் வண்டியைப் பிரித்துவிடலாம். ஏற்காடு சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டம்தான்; தனக்கென்று பதிவெண் கிடையாது. டிஎன் 27, 30, 54, 90 எல்லாவற்றுக்கும் விலக்கு கொடுத்தால், காலையில் ஏறி மாலையில் இறங்கும் சேலம் நகரக் கூட்டம் அப்படியே உள்ளே வரும். கொடுக்காவிட்டால் மலைவாசியே தன் வீட்டுக்குப் போக பாஸ் கேட்டு நிற்க வேண்டும். ஏற்காடு வட்ட முகவரியுள்ள குடும்ப அட்டைக்கு ஒருமுறை நிரந்தரப் பாஸ் கொடுப்பதுதான் இதற்கு வழி. அப்போதும் இ-பாஸ் எண்ணுவது வண்டியைத்தான். மேலே எத்தனை பேர் தங்குகிறார்கள், எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பது அதில் வராது.

அடிவாரத்தில் காரை நிறுத்தி, பேருந்தில் ஏற்றி அனுப்புவது சாலைக்கு இதைவிட நல்லது. ஒரு பேருந்து 50 பேரை ஏற்றினால், நாலு பேர் வீதம் வரும் 12 கார்கள் மலையில் குறைகின்றன. ஆனால் கணக்கைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். மணிக்கு 500 பேர் ஏற வேண்டுமானால் 10 நடை. போய்வர இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 20 பேருந்துகள் ஓட வேண்டும். 25 இருக்கை மினி பேருந்தானால் 40. நடைபாதை, திரும்பும் இடம் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் என்றால் 500 காருக்கு மூன்று ஏக்கருக்கு மேல் நிலம் தேவை. காலையில் பரவலாக ஏறும் கூட்டம் மாலை நாலு மணிக்குமேல் ஒரே மூச்சில் இறங்கப் பார்க்கும். அங்கே பேருந்து போதாவிட்டால் அடுத்த வாரம் எல்லாரும் மறுபடி காரில்தான் வருவார்கள். இன்னொன்று: சிறப்புப் பேருந்துக்காகக் கிராமத் தடத்துப் பேருந்தில் கைவைக்கவே கூடாது. நாகலூர்க்காரரின் பேருந்தைப் பிடுங்கிச் சுற்றுலாவுக்கு ஓட்டினால் அது ஊரைக் காக்கும் திட்டமே இல்லை.

கூட்டத்தை, ஏற்காட்டைச் சுற்றிவரும் லூப் ரோட்டு ஊர்களுக்குப் பரப்பிவிடலாம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. இது ஏரிக்கரை நெரிசலை ஒற்றை வண்டிப் பாதைக்குள் தள்ளிவிடுவதுதான். இதை ஒதுக்கிவிடலாம்.

சுற்றுலா வண்டிகளிடம் வாங்கும் பசுமைக் கட்டணம் குப்பைக்கு ஓரளவு உதவும், வசூல் ஊராட்சிக் கணக்குக்கு நேரே வந்தால். அதைவிடப் பலன் தருவது திருப்பித் தரும் வைப்புத்தொகை. நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை 2022இல் வந்தது. கட்டணம் கட்டியவர் பாட்டிலை எறிந்துவிட்டுப் போய்விடுவார். வைப்புத்தொகை இருந்தால் எறிந்த பாட்டிலையும் யாராவது பொறுக்கிக் கொண்டுவருவார்கள். உடைந்த கண்ணாடி காபி பறிப்பவர்களின் காலிலும் காட்டெருமைக் குளம்பிலும் ஏறுவது இதனால் குறையும்.

தண்ணீருக்கு மேற்சொன்ன எதிலும் பதில் இல்லை. அதைத் தொடுவது அறைக் கட்டுப்பாடு ஒன்றுதான், அதாவது விடுதி அறைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது. ஊரக வீட்டுக்கு, மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். விடுதிப் படுக்கைக்குப் பொறியியல் கணக்கு 180 லிட்டர். அதாவது 40 படுக்கை விடுதி ஒன்று 7,200 லிட்டர் இழுக்கும். அது 130 ஊர்க்காரரின் பங்கு. சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கடினப் பாறை. மழைநீர் மேல்மண்ணிலும் பாறை வெடிப்பிலும்தான் தங்கும். விடுதிக்காரர் ஆழமாக ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டால் புதுத் தண்ணீர் கிடைப்பதைவிட, ஊற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் வெடிப்பு வழியே அந்தக் குழிக்கு இறங்குவதுதான் அதிகம் நடக்கும். கூட்டம் பெருகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் ஊற்றும் மெலிந்திருக்கும். சரிவில் மேலே விடுதியின் செப்டிக் டேங்க், கீழே ஊர்க் கிணறு என்றிருந்தால் கெடுதல் இரட்டிப்பு.

ஊற்றை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஏப்ரல் கடைசியில் 20 லிட்டர் வாளியை வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறித்தால் போதும். 100 நொடி ஆனால் நாளுக்கு 17,280 லிட்டர். 314 ஊர்க்காரருக்குப் போதும், அல்லது 96 விடுதிப் படுக்கைக்கு. ஊர்த்தேவையைக் கழித்து மிஞ்சுவதுதான் அந்த ஊற்றை நம்பி அனுமதிக்கக்கூடிய படுக்கை எண்ணிக்கை. ஏற்கெனவே மிஞ்சவில்லை என்றால் புது அறைக்கு இடமில்லை.

இதில் ஓட்டை எங்கே விழும் என்றால், வீடு என்று வரைபடம் காட்டி அனுமதி வாங்கி, பிறகு அறைகளாக வாடகைக்கு விடுவதில். வீட்டுக் கட்டண மின் இணைப்பில் ஓடும் விடுதியை, ஆன்லைன் பதிவுத் தளங்களில் வரும் அறைப் பட்டியலோடு ஒப்பிட்டால் கண்டுபிடித்துவிடலாம். கிராம சபைத் தீர்மானம் மட்டும் யாரையும் கட்டுப்படுத்தாது. மாவட்ட ஆட்சியரின் உத்தரவு வேண்டும். ஆனால் அளவுகளோடு வரும் தீர்மானத்தை ஒதுக்குவது கடினம்.

எங்கள் வரிசை இதுதான்: முதலில் அறைக் கட்டுப்பாடு, அடுத்து வார இறுதிக்கு மட்டும் அடிவாரப் பேருந்து, அதற்குத் துணையாகக் காருக்கு மட்டும் இ-பாஸ். கிராம சபை மார்ச் 22, மே 1 இரண்டு நாளும் கூடுகிறது. மார்ச்சில் விடுதிவாரியாகப் படுக்கை, போர், செப்டிக் டேங்க் பட்டியலைத் தீர்மானத்தில் ஏற்றி, மே 1 அன்று ஊற்றின் ஏப்ரல் அளவை அதோடு சேர்த்து ஆட்சியருக்கு அனுப்பலாம்.