மாநாட்டுக்கு ரயிலேறுவதா, வீட்டிலிருந்தே பார்ப்பதா?

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து மொபைல் ஆப் செய்கிறவருக்கு மாநாடு என்றாலே சென்னை, இல்லையென்றால் பெங்களூரு. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். சுமார் 650 கிலோமீட்டர். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத் வேகம்தான், ஆனால் அது போய்ச் சேருவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரமாகி, பாதி மாநாடு முடிந்துவிடும்.

உரைகள் மட்டும் போதும் என்றால் இந்த அலைச்சல் வேண்டாம். கூகுள் ஐ/ஓ, ஆப்பிளின் டபிள்யூடபிள்யூடிசி ஆகிய ஆண்டு மாநாடுகளின் உரைகள் இணையத்தில் இலவசம். புரியாத இடத்தில் நிறுத்தி, ஆண்ட்ராய்டு ஆப் எழுத உதவும் கோட்லின் நிரல் மொழியில் நாலு வரி அடித்துப் பார்த்து, மறுபடி ஓட்டலாம். மேடையில் பேசுகிறவரை அப்படி நிறுத்த முடியுமா?

வடிவமைப்பு மட்டும் வேறு கதை. நம் ஆப்பை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்து, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பது வீடியோவில் வராது. என் ஆப்பில் நீளமான தமிழ்ச் சொற்கள் பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்படுவதைக் காட்டித் தந்தவர், டீ இடைவேளையில் பக்கத்தில் நின்ற ஒருவர்தான்.

அதனால் நிரல் கற்க எனக்கு வீடு; வடிவமைப்புப் பட்டறை இருந்தால் மட்டும் ரயில். அப்புறம், கையில் ஒரு கிலோ அல்வா இருந்தால் அறிமுகம் தானாக நடக்கும்.